சேறு தெரியும் மாதம்

பழவேற்காட்டுப் பக்கம் பறவை பார்க்கப் போகிறவர்கள் பொங்கல் கழியும் வரை பொறுத்திருப்பது நல்லது. மார்கழியில் ஏரி நிறையத் தண்ணீர் நிற்கும். வடகிழக்குப் பருவமழை ஆரணியாற்றிலும் காளங்கியிலும் கொண்டுவந்து சேர்த்த வெள்ளம் அப்போது வடிந்திருக்காது. சைபீரியாவிலிருந்து வந்திறங்கிய உள்ளான்கள் பலவற்றின் கால் நம் விரல் நீளம்தான். ஆழத் தண்ணீரில் அவற்றுக்கு வேலை இல்லை. மழை ஓய்ந்து, வாடைக்காற்று காய்ந்து, தண்ணீர் கரையை விட்டு இறங்கும்போது சேறு வெளியே தெரியத் தொடங்குகிறது. அந்தச் சேற்றைத் தேடித்தான் அவை வருகின்றன. அவற்றைத் தேடி நாமும் தை மாதத்தில் கும்மிடிப்பூண்டி வழியாகப் போகிறோம்.

விடியும் முன் சிப்காட் பகுதியைக் கடக்கும்போது பனியும் புகையும் ஒரே நிறத்தில் சாலை மேல் கிடந்தன. இரும்பு உருட்டாலைகளின் ஓசை இரவும் பகலும் ஓய்வதில்லை. டீக்கடை வாசலில் இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் இந்தியிலும் ஒடியாவிலும் பேசிக்கொண்டு கண்ணாடி டம்ளரைக் கையில் உருட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். ஆலைச் சுவர்களுக்கு நடுவே மண் எடுத்த பள்ளம் ஒன்றில் மழைநீர் தேங்கியிருந்தது. அதன் விளிம்பில் நெடுங்கால் உள்ளான்கள் நின்றன. நடுவில் முக்குளிப்பான் ஒன்று மூழ்கி எழுந்தது. பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பறவைகள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இந்த வட்டாரத்தில் பறவை பார்ப்பது இப்படித்தான் தொடங்கும். தொழிற்சாலையைத் தாண்டிப் போனால் இயற்கை என்று இங்கே கோடு போட முடியாது. இரண்டும் ஒரே தண்ணீரைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன.

தேசிய நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பிச் சுண்ணாம்புக்குளம் பக்கம் போனால் நிலம் மெல்லத் தாழ்கிறது. நெல் வயல், சவுக்குத் தோப்பு, இறால் பண்ணைகளின் கரை, பிறகு சீமைக் கருவேலம், அதற்கும் பிறகு உமரி படர்ந்த உப்புத்தரை. மின்கம்பியில் பனங்காடை. வயலுக்கு மேல் தாழப் பறந்து எலியோ குருவியோ தேடும் பூனைப்பருந்து. அது மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து வந்த குளிர்கால வேட்டைக்காரன். உமரிச் செடி தை வெயிலில் சிவக்கத் தொடங்கியிருந்தது. அதன் முனையில்தான் ஏரி.

பழவேற்காடு ஏரியை முதன்முறை மேற்குக் கரையிலிருந்து பார்ப்பது நல்லது என்பேன். கிழக்கே பழவேற்காடு ஊரில் நின்றால் கடலும் படகும் மனிதரும் கண்ணை இழுப்பார்கள். மேற்கிலிருந்து பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிது, எவ்வளவு ஆழமற்றது என்று புரியும். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஆந்திர அரசு 1976இலும் தமிழ்நாட்டு அரசு 1980இலும் தத்தம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. தமிழ்நாட்டுப் பகுதி 153.67 சதுர கிலோமீட்டர். இத்தனை பரப்புக்கும் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீளமாகப் படுத்திருக்கிறது. ராக்கெட் ஏவும் நாட்களில் இங்குள்ள மீனவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை.

அண்ணாமலைச்சேரியில் வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் பூநாரைகள் தெரிந்தன. முதலில் தண்ணீருக்கும் வானத்துக்கும் இடையே வெளிர்ந்த கோடு. தொலைநோக்கியில் அந்தக் கோடு கால்களாகவும் வளைந்த கழுத்துகளாகவும் பிரிந்தது. அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கால் தண்ணீரை இறைத்து, நுண்ணுயிர்களை வடித்தெடுத்துக்கொண்டு அவை வரிசையாக நகர்ந்தன. இறக்கையின் ரோஜா நிறமும் அந்த உணவிலிருந்து வருவதுதான். பூநாரையைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். அதில் தவறேதும் இல்லை. ஆனால் இங்கே நின்று பொறுமையாகப் பார்க்க வேண்டியது அவற்றின் காலடியில் இருக்கும் சிறியவற்றை.

கரையோரத்தில், தண்ணீர் படலமாக மட்டும் நிற்கும் இடத்தில், கொசு உள்ளான்கள் தையல் ஊசி போல் குத்திக்கொண்டே ஓடின. சற்று உள்ளே பவளக்கால் உள்ளானும் பச்சைக்காலியும். முழங்கால் தண்ணீரில் கருவால் மூக்கன்களின் பெருங்கூட்டம், நீண்ட அலகை அடிவரை சேற்றில் இறக்கி. எல்லோருக்கும் தள்ளித் தனியாகக் குதிரைமலைக் கோட்டான் ஒன்று, அரிவாளாக வளைந்த அலகால் நண்டு வளையைத் துழாவிக்கொண்டிருந்தது. ஒரே சேறு, ஆனால் ஒவ்வோர் அலகுக்கும் ஒவ்வோர் ஆழம். மேலே மில்லிமீட்டர் அளவில் பூச்சிக் குஞ்சுகள், கீழே புழுக்கள், அதற்கும் கீழே சிப்பிகள். உள்ளான்களின் அலகு நுனியில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் நிறைந்திருக்கின்றன. பார்க்க முடியாத சேற்றுக்குள் புழு அசைவதை அவை அலகால் உணர்ந்து எடுக்கின்றன. வரைபடத்தில் இந்த இடத்துக்கு நீல நிறமும் இல்லை, பச்சை நிறமும் இல்லை. ஏதோ ஒரு வெளிறிய நிறம் பூசியிருப்பார்கள். அந்த வெளிறிய நிறத்துக்குள்தான் இந்தக் கரையோரத்தின் மொத்தச் சமையலும் நடக்கிறது.

அதே சேற்றில் இருளர் பெண்கள் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்த நிலையிலேயே நகர்ந்து, இரண்டு கைகளாலும் தரையைத் தடவி, அகப்பட்ட இறாலைப் பனையோலைப் பறிக்குள் போடுகிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார்கள். கரையேறி வந்த ஒரு அம்மாவிடம் எங்கே நிறையக் கிடைக்கும் என்று கேட்டேன். பறியை இறக்கிவைத்துவிட்டு, தூரத்தில் கருவால் மூக்கன்கள் நின்ற பக்கம் கையைக் காட்டினார். "அதுங்க எங்க மேயுதோ அங்க எறா இருக்கும் சார். நாங்களும் அதப் பாத்துத்தான் எறங்குவோம்."

பறவை பார்ப்பதைப் பொழுதுபோக்கு என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க, அவருக்கு அது அன்றாடத் தொழிலின் பாதி. நான் இந்தக் கரையில் கேட்ட மிகத் துல்லியமான சூழலியல் வாக்கியம் அவருடையதுதான்.

பழவேற்காடு ஊருக்குள் நுழையும்போது வேறொரு காலத்துக்குள் நுழைகிறோம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். இங்கிருந்து போன துணி தென்கிழக்காசியா எங்கும் விற்றது. பளையக்காட்டுக் கைலி என்ற பெயர் இன்னும் ஜவுளிக்கடையில் இருக்கிறது. துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றி பட்டாவியாவுக்கு அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கோட்டை இருந்த இடம் இப்போது முட்புதரும் மேடும். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே டச்சு எழுத்துகள் பொறித்த பெரிய பெரிய கற்பலகைகள். சற்றுத் தள்ளிச் சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க அமைத்த நிழற்கடிகாரம் இருக்கிறது. அரபுக் கடலோடிகள், மரக்காயர்கள், விஜயநகரத்துக் கோயில் கட்டியவர்கள், டச்சுக்காரர்கள் என எல்லோரும் வந்து இறங்கியது ஏரி கடலோடு சேரும் அந்த ஒரு முகத்துவாரத்தை நம்பித்தான்.

நான் தேடி வந்த பறவையும் அந்த முகத்துவாரத்தில்தான் இருந்தது. சிப்பி பிடிப்பான். கருப்பும் வெள்ளையும் உடம்பு, சிவந்த கண், கேரட் நிறத்தில் நீண்ட நேரான அலகு. தமிழ்நாட்டுக் கரையில் இதைக் காண்பது அரிது. இங்கே வருபவை பெரும்பாலும் மேற்கு சைபீரியா, கசகஸ்தான் ஆற்றங்கரைகளில் முட்டையிடும் இனம். ஆனால் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருப்பவர்களுக்கு இது அரிய பறவையே அல்ல. நெதர்லாந்துக் கடற்கரையில், வாடன் கடலின் சேற்றுவெளியில், சிப்பி பிடிப்பான்கள் குளிர்காலத்தில் பெருங்கூட்டமாகக் கூடும். கடலோரத்தில் வளர்ந்த டச்சுப் பிள்ளைக்கு நம் ஊர்ப் பிள்ளைக்கு மைனா தெரிவது மாதிரி தெரிந்திருக்கும். பழவேற்காட்டு மணல்திட்டில் தை மாதத்தில் இந்தச் சிவந்த அலகைக் கண்ட மாலுமி யாராவது ஒருவனாவது ஊரை நினைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நெதர்லாந்துக்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். 1932இல் 32 கிலோமீட்டர் அணை போட்டு ஒரு முழு வளைகுடாவையே கடலிலிருந்து துண்டித்தார்கள். கடலை நிலமாக்குவதில் உலகத்துக்கே வழிகாட்டினார்கள். அவர்களே பிறகு மிச்சமிருந்த சேற்றுவெளியைக் காக்க ஜெர்மனியோடும் டென்மார்க்கோடும் கைகோத்தார்கள். வாடன் கடல் 2009இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கோட்டையோ அரண்மனையோ அல்ல, வெறும் சேறு. அதன் மதிப்பு அதுவாக இருப்பதில்தான் என்று ஒரு நாடு ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் ஆனது.

முகத்துவாரத்துக்குப் படகு கிளம்பும் முன் படகுக்காரர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கொஞ்சம் பொறுங்க சார். வத்தம் எறங்கட்டும். இப்பப் போனா எல்லாம் மேலயே சுத்திக்கினு இருக்கும், ஒக்காராது."

"நேத்து அந்தச் செவப்பு மூக்கு இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு. மணலு கடைசில, கிளிஞ்ச கெடக்குற எடத்துல."

போகும் வழியில் நட்டிருந்த கம்புகளைக் காட்டினார். சுத்து வலைக்கான பாடு. இந்த ஏரியில் எந்த ஊர் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை மீனவர்களே சீட்டுப் போட்டும் முறை வைத்தும் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு பாடு. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. மோசமான இடமும் அப்படித்தான். பாட்டில் பங்கு பிறப்பாலும் ஊராலும் வருவது. அதில் இடமில்லாதவர்களும் உண்டு, இருளர்களும் அப்படித்தான். குறை இல்லாத ஏற்பாடு அல்ல. ஆனாலும் ஏரியை யாரும் ஒரேயடியாகச் சுரண்டிவிடாமல் காத்ததில் அதற்குப் பங்கு உண்டு.

படகை நிறுத்திக் கொஞ்ச தூரம் தண்ணீரில் நடந்தோம். மணல்திட்டில் ஆலாக்கள் காற்றைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுவில் மிளகாய்ச் சிவப்பு அலகோடு பருத்த காஸ்பியன் ஆலா. கடற்காகங்கள். ஈர மணலில் கல்திருப்பி உள்ளான்கள் கிளிஞ்சலைப் புரட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அப்பால், அலை வந்து திரும்பும் விளிம்பில், சிப்பி பிடிப்பான்கள் மூன்று.

ஒன்று தூங்கியது. மற்ற இரண்டும் வேலையில் இருந்தன. நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் இந்தப் பறவையைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். சில பறவைகள் சிப்பியைச் சுத்தியலடி போல் அடித்து உடைக்கும். அவற்றின் அலகு நுனி மழுங்கியிருக்கும். சில சிப்பி வாய் திறக்கும் நொடியில் உள்ளே குத்திச் சதையை அறுக்கும். அவற்றுக்கு உளி நுனி. புழு தோண்டுபவற்றுக்குக் கூர் நுனி. அலகு தேயத் தேய வளர்ந்துகொண்டே இருப்பதால் தொழில் மாறினால் நுனியும் மாறும். குஞ்சுகள் இதைப் பெற்றோருடன் திரிந்து மாதக் கணக்கில் கற்றுக்கொள்கின்றன. நான் பார்த்தவற்றில் ஒன்று குத்தும் வகை. ஓரமாக நின்று, தலையைச் சாய்த்து, ஒரே குத்து. பிறகு தலையை இருபக்கமும் அசைத்து உள்ளே எதையோ வெட்டியது. சிப்பி விரிந்தது. இத்தனைக்கும் ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

திட்டின் மறுகோடியில் பட்டைவால் மூக்கன்கள் சில நின்றன. காலையில் அண்ணாமலைச்சேரியில் பார்த்த கருவால் மூக்கனின் நெருங்கிய உறவு. ஆனால் இது கடல் மணலை விட்டு உள்ளே வர விரும்பாது. பறக்கும்போது கருவால் மூக்கனுக்கு இறக்கையில் பளிச்சென்ற வெள்ளைப் பட்டை. இதற்கு அது கிடையாது, வாலில்தான் வரிகள். அலாஸ்காவிலிருந்து 2022 அக்டோபரில் கிளம்பிய ஓர் இளம் பட்டைவால் மூக்கன் 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. உடம்பில் பொருத்திய கருவி அதைப் பதிவு செய்தது. நம் கரைக்கு வருபவை சைபீரியக் கூட்டத்தைச் சேர்ந்தவை. தூரம் குறைவு, தேவை ஒன்றுதான். கிளம்பும் முன் உடம்பில் கொழுப்பு ஏற வேண்டும். அதற்குப் பகல் முழுக்கத் தின்ன வேண்டும்.

இதனால்தான் படம் எடுக்கக் கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. உள்ளான் கூட்டம் எழுந்து பறந்தால் படம் அழகாகத்தான் இருக்கும். அந்த அழகுக்கான விலையை, ஆர்க்டிக் வரை போக வேண்டிய உடம்பு கொடுக்கிறது. எங்கள் படகுக்காரர் எஞ்சினைத் தூரத்திலேயே அணைத்துவிட்டுக் கழி ஊன்றியே திட்டை அணுகினார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

தெற்கே திரும்பிக் காட்டூர் வழியாகக் காட்டுப்பள்ளிப் பக்கம் வந்தால் பயணத்தின் கடினமான பகுதி தொடங்குகிறது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், சாம்பல் குளம், நிலக்கரி வரிசை, கண்டெய்னர் அடுக்குகள், நடுவே கொசஸ்தலையாறு. பக்கிங்காம் கால்வாய் இதன் ஊடாகவே ஓடுகிறது. கூழைக்கடாக்கள் இன்னும் ஆற்றில் நீந்துகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த கச்சா எண்ணெய் இந்த எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் பரவியபோது, எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களை எல்லோரும் செய்தித்தாளில் பார்த்தோம். மீனவர்கள் வாளியாலும் கையாலும் எண்ணெயை அள்ளியதையும் பார்த்தோம்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிக்கும் திட்டம் பல ஆண்டுகளாக முன்வைக்கப்பட்டிருக்கிறது. கடலை மண்ணிட்டு மூடிப் பெறும் பரப்பும் இதில் அடக்கம். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் அலைத்தடுப்பு நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். வடக்கே இருப்பது பழவேற்காடு. அங்கே ஏரியைக் கடலிலிருந்து பிரித்து நிற்பது ஒல்லியான மணல்மேடுதான். இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. எண்ணூர்க் கரையில் நின்று வடக்கும் தெற்கும் பார்த்தால் போதும்.

சேற்றுவெளியை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஊகமும் தேவையில்லை. தென் கொரியாவில் சேமன்கம் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் கடற்சுவர் எழுப்பி 2006இல் கழிமுகத்தை அடைத்தார்கள். 'கிரேட் நாட்' என்ற உள்ளான் கூட்டம் கூட்டமாக இறங்கிய இடம் அது. சுமார் 90,000 பறவைகள் அங்கிருந்து காணாமல் போயின. பக்கத்துச் சேற்றுக்கு நகர்ந்துகொள்ளும் என்று சொல்லப்பட்டது. பக்கத்துச் சேற்றில் ஏற்கெனவே பறவைகள் இருந்தன. அந்த உள்ளான் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனம். 2024 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் சிவப்புப் பட்டியலைப் புதுப்பித்தபோது கரைப்பறவைகள் 16 இனங்கள் மேலும் ஆபத்தான நிலைக்கு நகர்த்தப்பட்டன. அதில் வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் கல்திருப்பி உள்ளானும் உண்டு. கல்திருப்பியை அன்று காலை முகத்துவாரத்தில் பார்த்திருந்தேன். இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிவது நாளைக்கு அரிதாவது இப்படித்தான்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காகவும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காகவும் தன்னார்வலர்கள் இந்தக் கரைகளில் நிற்கிறார்கள். சென்னையின் இயற்கை ஆர்வலர் சங்கம் 1978இலிருந்து இயங்குகிறது. அதன் உறுப்பினர்கள் பலருக்குப் பழவேற்காடுதான் பள்ளிக்கூடம். அரிய பறவை ஒன்று தென்பட்டால் செய்தி பரவி அடுத்த வாரமே ஆட்கள் குவிகிறார்கள். அந்த உற்சாகம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மூன்று சிப்பி பிடிப்பான்களை எழுதிவைக்கும் நோட்டில் அன்று எவ்வளவு சேறு தெரிந்தது, முகத்துவாரம் திறந்திருந்ததா, எத்தனை பேர் இறால் பிடித்தார்கள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பறவையின் வரவு அந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான்.

சிலிக்கா 1981இலேயே ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் அப்படி 20 இடங்கள் இருந்தன, நாட்டிலேயே அதிகம். அந்த இருபதில் பழவேற்காடு இல்லை, எண்ணூர்க் கழிமுகமும் இல்லை. சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டாலே இந்தக் கரையின் மீனவர்கள் தயங்குவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. விதிகள் தங்கள் வலையைத்தான் முதலில் தேடிவரும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். ஆகவே பழவேற்காட்டையும் எண்ணூரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கையைப் பாடு பிரிக்கும் ஊர்ப் பெரியவர்களையும் பறி கடித்து இறால் பிடிக்கும் பெண்களையும் உட்காரவைத்து, அவர்கள் சொல்வதை முதல் பக்கத்தில் வைத்துத்தான் அரசு எழுத வேண்டும்.